புது வண்டியின் குறையும் நம்முடைய போலிப் பொறுமையும்



புதிதாக வாங்கிய வண்டி ஒரு மாதத்திற்குள் பழுதாகி நின்றுவிட்டால் நம் மக்களிடையே முதலில் எழும் சொல் "நஸீபு" என்பதாகும். அடுத்து எழுவது "சப்ரு செய்யுங்கள் பாய்" என்பது. விற்றவரும் நம் ஜமாஅத்தைச் சார்ந்தவராக இருந்துவிட்டால் மூன்றாவதாக ஓர் அறிவுரையும் சேர்ந்துகொள்கிறது: "நம்மவர் மீது நாமே புகார் கொடுப்பதா?" இம்மூன்றும் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகின்றன. மூன்றுமே மார்க்கத்திற்கு முரணானவை என்பதே என் வாதம்.

நோய், மழையின்மை, மரணம் போன்ற சோதனைகளில் பொறுமை கடமை. ஆனால் விற்றவர் அறிந்தே மறைத்த குறை இறைவன் அனுப்பிய சோதனை அன்று. அது வாங்கியவருக்கு விற்றவர் திருப்பித் தர வேண்டிய ஹக்கு. வாங்கியவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. அவருக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் விட்டுக்கொடுக்குமாறு அவரை நெருக்குவதற்கு ஊராருக்கு எந்த உரிமையும் இல்லை.

கொல்லிமலைப் பகுதியில் வாழ்வோருக்கு இது ஏட்டளவிலான விவாதம் அன்று. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அன்னாசி, பலா, வாழை, மிளகு, காப்பி என்று மலையில் விளைவதெல்லாம் பாரமாக ஏற்றப்பட்டு அந்த வளைவுகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. ஆடிப் பதினெட்டையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும், ஆகாயகங்கை அருவிக்கும் வேன் வேனாக மக்கள் வருகிறார்கள். சமவெளியில் ஒரு புது வண்டியின் பிரேக்கில் உள்ள குறை வெறும் எரிச்சல். இங்கே அது உயிர்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் குடும்ப நகையை விற்றும் கடன் பெற்றும் புதுச் சரக்கு வேன் ஒன்றை வாங்கினார். முதல் வாரத்திலேயே இறக்கத்தில் பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. விற்பனை நிலையத்தின் பட்டறையில் நான்கு முறை விட்டார். ஒவ்வொரு முறையும் "சரி செய்தாயிற்று" என்றார்கள்; ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது. ஐந்தாம் முறை, மலையில் ஓட்டுவதால் வரும் தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது என்று கூறிவிட்டனர். எங்கே ஓட்டப்போகிறார் என்பதை விற்கும் நாளிலேயே அவர்கள் கேட்டு அறிந்திருந்தனர். அதைவிட வருத்தம் தருவது, அதே மாதிரி வண்டியில் அதே கோளாறு வேறு சிலருக்கும் வந்திருந்ததை அங்குள்ள மெக்கானிக் முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தார் என்பது. அவர் ஐவேளைத் தொழுகையாளி.

அந்தச் சகோதரருக்காகவே வாஸிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை இங்கே எடுத்துரைக்கிறேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதனைக் குறிப்பிடுகிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு புறப்பட்டபின் வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே விரைந்து சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். இதன் குளம்பில் ஒரு துளையை நான் கண்டிருக்கிறேன், இது தொடர் பயணத்தைத் தாங்காது என்று தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் நொந்துகொண்டபோது, குறையைச் சொல்லாமல் விற்பது எவருக்கும் ஆகுமானதல்ல, அக்குறையை அறிந்திருக்கும் மற்றவருக்கும் அதைச் சொல்லாமல் இருப்பது ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டதாக வாஸிலா (ரலி) பதிலளித்தார்கள்.

வாஸிலா (ரலி) விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர், அறிந்தவர், அவ்வளவே. பட்டறையில் வேலை செய்பவர், ஷோரூமில் கணக்கு எழுதுபவர், அதே வண்டியை முன்பே வாங்கி அவதிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய அனைவரும் இந்த "அறிந்தவர்" என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். அவர் கேட்ட கேள்வியையும் கவனியுங்கள். இறைச்சிக்கு வாங்கியிருந்தால் குளம்பின் துளை ஒரு குறையே ஆகாது. எதற்காக வாங்கப்படுகிறதோ அதை வைத்தே குறை தீர்மானிக்கப்படுகிறது. மலைக்கு என்று தெரிந்தே விற்றுவிட்டு, மலையைக் காரணம் காட்டிக் கைகழுவுவதற்கு இதற்குமேல் மறுப்புத் தேவையில்லை.

வாரண்டி அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளுக்கு வருவோம். "கையெழுத்திட்டீர்களே" என்கிறார்கள். பொறுப்புத் துறப்பு நிபந்தனை இன்று முளைத்ததன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இப்படியொரு வழக்கு பதிவாகியுள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அக்கால வழக்கப்படி ஓர் அடிமையை, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். அவருக்கு நோய் இருந்ததைச் சொல்லவில்லை என்று வாங்கியவர் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். நிபந்தனை இருக்கிறதே என்று கூறி உஸ்மான் (ரலி) வழக்கைத் தள்ளிவிடவில்லை. விற்கும்போது அந்த நோயை அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யுமாறு இப்னு உமர் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, விற்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவர் 1500 திர்ஹத்துக்கு விலைபோனார் என்பது அந்த அறிவிப்பின் முடிவு.

ஹனஃபி மத்ஹபில் பொறுப்புத் துறப்பு நிபந்தனை செல்லும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நாமும் வியாபாரிகளும் பெரும்பாலும் ஹனஃபிகளே ஆதலால் இதைச் சிலர் ஆதாரமாகக் கொண்டுவருவார்கள். ஆனால் ஒப்பந்தம் செல்லுமா என்பது ஒரு கேள்வி. அறிந்த குறையை மறைப்பது பாவமா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை, ஹராம். ஷாஃபிஈ மத்ஹபிலோ, உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்திருந்து விற்றவருக்கும் தெரியாத குறைக்கு மட்டுமே இந்த நிபந்தனை பயன்படும். வண்டி பிராணியன்று. நிபந்தனை ஏதுமின்றி நடக்கும் விற்பனையில் பொருள் குறையற்றதாக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. உஸ்மானியர்களின் மஜல்லா சட்டத்தொகுப்பு 336ஆம் பிரிவிலேயே இதை நிறுவிவிடுகிறது.

நாமக்கல் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. லாரிக்கும் வேனுக்கும் பாடி கட்டும் தொழிலில் நாமக்கல் நாடறிந்த ஊர். சேஸிஸ் ஒரு கம்பெனியுடையது, பாடி ஒரு பட்டறையுடையது, டயரும் பேட்டரியும் வேறு வேறு கம்பெனிகளுடையவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி. மழை பெய்து கூரை ஒழுகினால், அச்சு நெளிந்தால், கம்பெனி பட்டறையைக் கைகாட்டும். பட்டறை கம்பெனியைக் கைகாட்டும். வெளிநாடுகளில் வீட்டு வசதியுள்ள பயண வண்டிகளை வாங்குவோரும் இதே அலைக்கழிப்பைத்தான் பெறுகிறார்கள். அடுப்பு ஒருவருடையது, அடிச்சட்டம் ஒருவருடையது.

ஃபிக்ஹில் இந்தப் பந்தாட்டத்துக்கு இடமில்லை. வாங்கியவர் தமக்கு விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பார். காழியின் தீர்ப்பின் பேரில் அப்படித் திரும்பி வந்தால், விற்றவர் தமக்கு விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பார். அவர்களுக்கிடையிலான வழக்கை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கியவரை நடுவில் நிறுத்தக் கூடாது. பாடி கட்டக் கொடுப்பதோ இஸ்திஸ்னாஃ என்னும் ஒப்பந்தம். சொன்ன அளவு, சொன்ன தகடு, சொன்ன மரம் ஆகியவற்றுக்கு மாறாகச் செய்திருந்தால் வாங்க மறுக்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு. பட்டறை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறார்கள்? தொழுகையின் சட்டங்களுக்கு வகுப்பு நடத்தும் நாம் வியாபாரச் சட்டங்களுக்கு ஒரு வகுப்பும் நடத்துவதில்லை. மதரஸாவில் கற்பிக்கும் நான் இதை மதரஸாக்கள் மீதான குற்றச்சாட்டாகவே எழுதுகிறேன்.

புதுமைக்கு விலை இதுதான் என்று ஒரு சாரார் சமாதானம் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தொழிற்சாலை அமைத்த ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதற்கு முந்தைய ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்நிறுவனத்தின் மீது வந்த புகார்கள் 10,644. அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. தீர்ந்தனவா, தீரவில்லையா என்பது அவர்களுக்கும் ஆணையத்துக்கும் உள்ள விவகாரம். நாம் பார்க்க வேண்டியது, "நஸீபு" என்று ஒதுங்காமல் புகாரைப் பதிவு செய்தவர்களால்தான் அந்த நோட்டீஸ் எழுந்தது என்பதை.

2022 ஏப்ரலில் ஆம்பூர் அருகே ஒருவர், பாதி வழியில் நின்றுவிட்ட தம் மின்சார ஸ்கூட்டரின் மீது பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். அந்தக் காட்சியைப் பகிர்ந்து பாராட்டியவர்களில் நம்மவரும் உண்டு. அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் பொருளை வீணாக அழிப்பதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்திருக்கிறார்கள். அதோடு, குறையுள்ள பொருள்தான் வாங்கியவரின் முதல் சாட்சி. சாம்பலை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

வாங்கியவருக்கும் கடமை இருக்கிறது. குறை தெரிந்தபின் தம் தேவைக்காகச் சவாரி செய்தால் அக்குறையை ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்று ஹனஃபி நூலான ஹிதாயா கூறுகிறது. திருப்பிக் கொடுக்கவோ, வேறு வழியின்றித் தண்ணீர் காட்டவோ ஏறிச் சென்றால் அப்படி ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபில் தாமதமே உரிமையை நீக்கிவிடும். ஆறு மாதம் பாரம் ஏற்றிச் சம்பாதித்துவிட்டு, ஏழாம் மாதம் "முதல் நாளிலிருந்தே இப்படித்தான்" என்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அதுவும் மோசடியே. வாங்கியவரின் கையில் புதிதாக ஒரு சேதம் ஏற்பட்டுவிட்டால், விற்றவர் சம்மதித்தாலன்றித் திருப்பித் தர இயலாது. பழைய குறையால் குறைந்த மதிப்பை மட்டும் கேட்டுப் பெறலாம்.

இனி, அந்நிய நீதிமன்றத்துக்குப் போவதா என்ற ஆட்சேபணை. ஸபீத் ஊரிலிருந்து மக்காவுக்கு வந்த ஒரு வியாபாரியின் சரக்கை ஆஸ் இப்னு வாயில் வாங்கிக்கொண்டு விலை தர மறுத்தபோது, குறைஷியர் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதென உடன்படிக்கை செய்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படுவது அதுவே. நுபுவ்வத்துக்கு முந்தைய காலம், செய்தவர்கள் இணைவைப்பாளர்கள். அண்ணலார் (ஸல்) அதில் கலந்துகொண்டதுடன், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாகக் கூறினார்கள். நாட்டின் நுகர்வோர் சட்டத்தை நாடுவதற்கு இதைவிட என்ன முன்மாதிரி வேண்டும்?

அந்தச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. விற்றவர் சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பதால், செம்மேட்டுக்காரருக்கு நாமக்கல் மாவட்ட ஆணையம் போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. அதற்குமேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பழுது நீக்கவும், மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பவும் ஆணையம் உத்தரவிடலாம். சரக்கு வண்டி வணிகத்துக்கானது, ஆகவே நீ நுகர்வோர் அல்லன் என்று விற்றவரின் வக்கீல் வாதிடுவார். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. எனவே சொந்தமாக ஓட்டும் ஒற்றை வண்டிக்காரர் அஞ்ச வேண்டியதில்லை.

பட்டறையில் வண்டியை விடும் ஒவ்வொரு முறையும் குறையை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் பெறுங்கள். "பொது சோதனை" என்று அவர்கள் எழுதினால் கையெழுத்திடாதீர்கள். எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு 1915 என்ற எண்ணிலும் பதிவு செய்யுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் முறையிட்டாக வேண்டும். நான் குறிப்பிட்ட இளைஞரிடம் ஐந்து ஜாப் கார்டுகள் இருக்கின்றன. ஐந்திலும் "பிரேக் சரிபார்க்கப்பட்டது" என்ற ஒரே வரிதான். ஒரு பக்கமாக இழுத்தது என்ற சொல் எதிலும் இல்லை.