பால்மா பொட்டலமும் பால் சொசைட்டியும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் தேநீருக்குப் பால் சேர்ப்பது என்றால் பெரும்பாலும் பால்மாவைக் கரைப்பதுதான். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பொட்டலம் பல நேரம் அங்கர். அதற்குள் இருக்கும் மாவு நியூசிலாந்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கப்பலில் வந்தது. உலகிலேயே அதிகப் பால் கறக்கும் நாடோ, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

2023-24இல் இந்தியாவின் பால் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். உலகப் பாலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதே ஆண்டில் வெளிநாடு போன பால் பொருட்கள் 64,000 டன்னைக்கூட எட்டவில்லை. மதிப்பு சுமார் 2,260 கோடி ரூபாய். நியூசிலாந்து கறப்பது இந்தியா கறப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதில் 95 சதவீதம் அளவுக்கு வெளியே விற்றுவிடுகிறது. அங்கே இருப்பவர்கள் ஐம்பது லட்சம் பேர், இங்கே 140 கோடி பேர் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளூர்க் குழந்தையின் டம்ளருக்குப் போக மிஞ்சியதுதான் ஏற்றுமதிக்கு. கேள்வி, பால் மிஞ்சுகிற காலத்தைப் பற்றியது.

2018இல் அப்படித்தான் மிஞ்சியது. பால் பவுடர் கிடங்குகளில் தேங்கியது, கொள்முதல் விலை சரிந்தது. மகாராஷ்டிராவில் ஜூலை மாதம் விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டிப் போராடினார்கள். லிட்டருக்கு 25 ரூபாய் என்று அரசு இறங்கிவந்த பிறகே போராட்டம் ஓய்ந்தது. பவுடரை எப்படியாவது கப்பலேற்ற ஏற்றுமதி மானியமும் அறிவித்தார்கள். ஆனால் அவசரத்துக்குத் தேடிப் போனால் வாங்குவதற்கு எவர் காத்திருப்பார்? அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2011 பிப்ரவரியில், உள்ளூர் விலை ஏறுகிறது என்று பால் பவுடர் ஏற்றுமதியையே இந்தியா தடை செய்திருந்தது. தடை நீங்க 2012 ஜூன் வரை ஆனது. பதினாறு மாதம் சரக்கு வராத இடத்தில் ஐஸ்கிரீம் ஆலைக்காரரும் பிஸ்கட் ஆலைக்காரரும் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். போனவரை மறுபடி கூப்பிடுவது எந்த வியாபாரத்திலும் கடினம்.

நியூசிலாந்துக்கும் ஒரு சந்தை ஒரேயடியாகக் கைநழுவிய அனுபவம் உண்டு. பல தலைமுறைகளாக அதன் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் பிரிட்டன்தான் பெரிய வாடிக்கையாளர். 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. வாசல் குறுகத் தொடங்கியது. நியூசிலாந்துக்காரர்கள் தென்கிழக்கு ஆசியா, மத்தியக் கிழக்கு, பிற்பாடு சீனா என்று புதிய ஊர்களைத் தேடிப் போனார்கள். வெயில் நாட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் கெடாமல் இருக்கும் பொருள் என்ன என்று யோசித்துப் பால் பவுடரைப் பெருக்கினார்கள். யாழ்ப்பாணத்துத் தேநீரில் கரைவது அந்தத் தேடலின் விளைவு.

இந்தியாவுக்கு அப்படியொரு பொருளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. நெய் இருக்கிறது. குளிர்பதனம் வேண்டாம், மாதக்கணக்கில் கெடாது. நாட்டின் பாலில் கணிசமான பங்கு எருமைப்பால். கொழுப்பு மிகுந்தது, நெய்க்கென்றே அமைந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் பொங்கலுக்கு நெய் வாங்குகிறவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தவும் வேண்டாம். இன்றைய ஏற்றுமதியின் முக்கிய வாடிக்கையாளர்கள் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற நாடுகள்தான். அங்கே உள்ள இந்தியக் குடும்பங்களைத் தாண்டிப் போக வேண்டுமானால் சீஸ், பனீர், மதிப்புக்கூட்டிய பிற பொருட்கள் என்று விரிய வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, அதுவும் மாட்டின் தீவனத் தொட்டியில்.

மழைக்காலத்தில் ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் ஒரு பூஞ்சை பிடிக்கும். அதன் நஞ்சு அஃப்ளாடாக்ஸின். மாடு அதைத் தின்றால், கல்லீரலில் உருமாறி, எம்1 என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது, பாஸ்சரைசேஷனிலும் போகாது. பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் சீஸில் இன்னும் செறிவாகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. தண்ணீர், யூரியா என்று ஊரெல்லாம் பேசும் கலப்படத்தால் ஆபத்தானவை வெறும் 12. அஃப்ளாடாக்ஸின் வரம்பு மீறியவை 368. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அந்தக் கணக்கில் சேர்ந்தன. இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு. ஏற்றுமதிப் பேச்செல்லாம் பிறகு. இந்தப் பாலை முதலில் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள் என்பதே இந்த எண்ணைக் கவலையோடு பார்க்கப் போதுமான காரணம்.

இதற்கான வேலை பெரிய ஆலையில் இல்லை. தீவனம் காய்ந்த தரையில், சுவரை ஒட்டாமல், பலகை மேல் அடுக்கப்பட வேண்டும். மருந்தின் மிச்சம் பாலில் வராமல் இருக்க, ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறித்த நாட்களுக்குப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றாமல் இருக்க வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண் இதையெல்லாம் ஏன் செய்வார்? இன்று சங்கத்தில் அவருக்கு விலை கிடைப்பது கொழுப்புக்கும் இதர திடச்சத்துக்கும்தான். புண்ணாக்கு மூட்டையைப் பாதுகாத்ததற்கு ஒரு பைசா கூடுதல் இல்லை. ஊசி போட்ட நாட்களில் பாலை நிறுத்தினால் நட்டம் முழுக்க அவர் தலையில். சுத்தமான பாலுக்குத் தனி விலையும், நிறுத்திய நாட்களுக்கு ஈடும் கொடுக்காமல் ‘தரம்’ என்று மேடையில் பேசுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

கோமாரி நோய் இன்னொரு தடை. அது இருக்கும் வரை பல நாடுகள் இந்தியப் பால் பொருட்களைத் தயக்கத்தோடுதான் பார்க்கும். 2019இல் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி, கருச்சிதைவு நோய் இரண்டுக்கும் எதிரான தடுப்பூசிக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டுகிறார்கள். அந்த எண்ணோடு ஊசி, மருந்து, சங்கத்தில் ஊற்றிய பால் மூன்றையும் சேர்த்துப் பதிந்தால், வாங்குகிற நாடு கேட்கும் சான்று கிராமத்திலேயே தயாராகிவிடும்.

அதே 2019 நவம்பரில் ஆர்செப் என்ற பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா விலகியது. நியூசிலாந்துப் பால் பொருட்கள் வந்து குவியும் என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாடு வளர்க்கும் எட்டுக் கோடிக் குடும்பங்களின் வருமானத்தைக் காத்த சரியான முடிவு அது. பால் பவுடருக்கு 60 சதவீத இறக்குமதி வரி இருப்பதும் சரியே. ஆனால் அந்தச் சுவர் தரும் அவகாசத்தைச் சும்மா கழிக்கக் கூடாது.

குளிர்காலத்தில் பால் மறுபடி பெருகும். அதற்குள் மத்திய அரசு ஓர் அறிவிப்பைக் கொடுக்க முடியும்: அடுத்த சில ஆண்டுகளுக்குத் திடீர் ஏற்றுமதித் தடை கிடையாது, உள்ளூர் விலை ஏறினால் சமாளிக்கப் பவுடர் கையிருப்பு தனியே வைக்கப்படும் என்று. மாநிலக் கூட்டுறவு இணையங்கள், தமிழ்நாட்டின் ஆவின் உட்பட, மாவட்டத்துக்குப் பத்துச் சங்கங்களிலாவது அஃப்ளாடாக்ஸின் சோதனையைத் தொடங்கி, தேறிய பாலுக்கு லிட்டருக்கு இவ்வளவு கூடுதல் என்று கரும்பலகையில் எழுதி வைக்கலாம். காலை ஆறு மணிக்குக் கேனோடு வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார்.