இறந்த ஏரி என்றொரு பொய்

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஊரில் நடந்த வாசகர் சந்திப்பொன்றில் ஒரு கவிதை வாசிக்கப்பட்டது. ஊர் ஏரி இறந்துவிட்டது, அதன் பிணம் அழுகி நாறுகிறது, நாம் கரையில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். வாசித்து முடித்ததும் அரங்கில் வழக்கமான அந்தக் கனத்த மௌனம். பிறகு கைதட்டல். கவிஞரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது தனியொருவரின் பிழை அன்று. நீர்நிலைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கவிதைகள், சிறுகதைகள், நாளிதழ்க் கட்டுரைகள் எதை எடுத்தாலும் நடுவில் இந்தப் பிணம் கிடக்கிறது. நானும் இருபது வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழில் அப்படியொரு கவிதை எழுதியவன்தான். நல்லவேளையாக அந்த இதழின் பிரதி யாரிடமும் இல்லை.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிமம் பொய். கவிதைக்குரிய மிகை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொய்யான நோய்க்கணிப்பு பொய்யான மருந்துக்கு இட்டுச்செல்வதுபோல, இந்தப் பொய்யும் எங்கோ இட்டுச்செல்கிறது.

எங்கள் ஊர் ஏரியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் விடியலில் மீன்கள் செத்து மிதந்தன. மீன்பாசி குத்தகை எடுத்தவர் கடன் வாங்கி விட்டிருந்த கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிறு காட்டிக் கரை நெடுக ஒதுங்கிக் கிடந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றார் அவர். முந்தைய ஆண்டு குத்தகை எடுத்தவர்மேல் சந்தேகம் போயிற்று. காவல் நிலையம், பஞ்சாயத்து, இரண்டு குடும்பங்களுக்கிடையே இன்றுவரை நீடிக்கும் பகை. செத்த மீன்களிடையே விரால் ஒன்றுகூட இல்லை என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை. விஷமென்றால் விரால் மட்டும் எப்படித் தப்பும்? விரால் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடியது. கட்லாவால் அது முடியாது. அன்றிரவு ஏரியில் தீர்ந்துபோனது ஆக்ஸிஜன்.

அதற்கு முந்தைய ஒரு மாதம் ஏரி கிளிப்பச்சையாக இருந்ததை எல்லோரும் பார்த்தோம். நுண்பாசிகள் பெருகியிருந்தன. பகலில் அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்ஸிஜனை வெளியிடும். மேல்மட்ட நீரில் தேவைக்கு அதிகமாகவே சேர்ந்து காற்றில் கலந்து போய்விடும். இரவில் அதே பாசி ஆக்ஸிஜனை உண்ணும். செத்துக் கீழே படியும் பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் உண்ணும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். போதாக்குறைக்கு நம்முடையது வெப்ப நாடு. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். பாக்டீரியாவின் பசியோ வெப்பத்தோடு ஏறும். நடுவில் நான்கு நாள் மேகமூட்டம் வந்து பாசி ஒட்டுமொத்தமாக மடிந்தால் கணக்கு ஒரே இரவில் முடிந்துவிடும். எங்கள் ஏரியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் எங்கே இருக்கிறது இறப்பு? மீன் இறந்தது, உண்மை. ஆனால் அந்த விடியலில் அந்த நீரின் ஒவ்வொரு துளியும் உயிரால் பிதுங்கிக்கொண்டிருந்தது. சாதாரண நாளிலேயே ஏரிநீரில் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும். ஏரி சாகவில்லை. அதற்கு அளவுக்கு மீறி ஊட்டப்பட்டிருந்தது. பிணம் என்று சொல்வதற்கும் இப்படிச் சொல்வதற்கும் உள்ள தூரம் சொல்லலங்காரத்தின் தூரமல்ல. செத்ததென்றால் ஒப்பாரி போதும். ஊட்டப்பட்டதென்றால் ஊட்டியது யார் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு வரும் விடைகளில் என் வீட்டுக் குளியலறையின் வடிகுழாயும் ஒன்று. நமக்குப் பிணம் பிடித்திருப்பதற்கு இதுவே காரணமோ என்று சந்தேகிக்கிறேன்.

அழுகலை நாம் இவ்வளவு வெறுப்பதும் விந்தைதான். ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடார் பாக் என்ற சிறிய, மூத்த, சேறு மண்டிய ஏரியை ஐந்தாண்டுகள் ஆராய்ந்தார். யார் யாரைத் தின்கிறார்கள் என்று அவர் வரைந்த படத்தின் நடுவில் மீன் இல்லை, பாசி இல்லை. இருப்பது கொழகொழவென்ற அடிச்சேறு. எல்லா உயிரிலிருந்தும் கோடுகள் அதற்குப் போகின்றன, அதிலிருந்து மீண்டும் எல்லாவற்றுக்கும் வருகின்றன. அவர் அனுப்பிய கட்டுரையை அன்றைய ஏரியியல் பெரியவர்கள் இருவர், கோட்பாடு அதிகம், தரவு போதாது என்று நிராகரிக்கச் சொன்னார்கள். ஹட்சின்சன் வாதாடியதால் பிழைத்து, அது 1942இல் அச்சேறியது. அதைப் பார்க்க லிண்டமன் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே, 26 வயதில், இறந்துவிட்டிருந்தார். சூழலியலின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாக இன்று அது படிக்கப்படுகிறது. (சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்தக் கதையின் வடிவம் மிகவும் பரிச்சயமானதாக இருக்கும்.) சேறு ஏரியின் கல்லறை அன்று, சமையற்கட்டு.

ஏரியின் சாவை அறிவித்தவர்கள் நாம் மட்டுமல்ல. 1960களில் அமெரிக்க இதழ்கள் ஈரி ஏரி செத்துவிட்டதென்று எழுதின. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே கிடக்கும் அந்தப் பேரேரியில் பாசி குவிந்து நாறியது. அடிநீரில் ஆக்ஸிஜன் அற்றுப்போனது. 1971இல் வெளிவந்த டாக்டர் சூஸின் ‘தி லோராக்ஸ்’ என்ற சிறுவர் நூலிலும் அந்த ஏரியின் சீர்கேட்டைச் சொல்லும் ஒரு வரி இருந்தது. ஆனால் செத்ததாகச் சொல்லப்பட்ட ஏரியில் அப்போது நடந்துகொண்டிருந்தது மிகையான உற்பத்தி. அதை உந்துவது எது என்பதில் பெரும் சண்டை மூண்டது. கழிவுநீரிலும் சலவைத்தூளிலும் வரும் பாஸ்பரஸ்தான் என்றனர் ஏரியியலாளர்கள். பாஸ்பரஸை ஏன் குற்றம் சொல்கிறீர்கள், பாசியைக் கட்டுப்படுத்துவது கார்பன் என்றது சலவைத்தூள் தொழில்துறையின் தரப்பு. அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. கார்பன் காற்றிலிருந்தும் வரும், அழுகலிலிருந்தும் வரும்; அதை யாராலும் தடை செய்ய முடியாது. தடுக்கவே முடியாத ஒன்றைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் வழக்கு முடிந்தது.

டேவிட் ஷிண்ட்லர் இதற்குப் பதிலைக் கட்டுரையாக மட்டும் எழுதவில்லை, ஓர் ஏரியையே பதிலாக்கினார். கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே 1968 முதல் ஒதுக்கப்பட்ட சிற்றேரிகள் உண்டு. அவற்றில் 226 என்ற எண்ணுள்ள ஏரி நடுவில் ஒடுங்கி எட்டுப் போல இருக்கும். 1973இல் அந்த இடுப்பில் ஒரு நெகிழித் திரையைக் கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் இட்ட பாதி கொழுத்த பச்சையாயிற்று. மற்றது கருநீலமாகவே கிடந்தது. விமானத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு புகைப்படம் ஆண்டுக்கணக்கான வாதத்தை முடித்துவைத்தது. எல்லா நீரிலும் பாஸ்பரஸ் ஒன்றே தீர்மானிக்கிறதா, நைட்ரஜனுக்கும் பங்குண்டா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் தொடர்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கார்பன் வாதம் அத்தோடு ஒழிந்தது.

பாஸ்பரஸ் வரத்து குறைக்கப்பட்டது, ஈரி தெளிந்தது. 1980களின் நடுவில் ஒஹாயோ ஆய்வாளர்கள் இருவர் எழுதிக் கேட்டுக்கொள்ள, சூஸ் தம் நூலிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டார். ஓர் எழுத்தாளர் தகவலுக்குத் தலைவணங்கித் தம் வரியை நீக்கிய அரிய தருணம் அது. நம் கவிஞர்கள் யாரும் அப்படிச் செய்ததாக நினைவில்லை. கதை அங்கே சுபமாக முடியவும் இல்லை. வயல்களிலிருந்து மாமீ ஆற்றின் வழியே கரைந்து வந்த பாஸ்பரஸ் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களை மீண்டும் பெருக்கியது. 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரக் குழாய்நீரில் அவற்றின் நஞ்சு கலந்து, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் சில நாட்கள் குழாயைத் திறந்து குடிக்க முடியாமல் போனது. ஏரி அன்று சாகவுமில்லை, பின்பு உயிர்த்தெழவுமில்லை. கொடுத்ததைத் தின்றது. அவ்வளவே.

இனி நம்மூர் மருந்துக்கு வருகிறேன். சில வருடங்களாக நல்லெண்ணம் கொண்ட இளைஞர்கள் பலர், ‘நன்மை செய்யும் நுண்ணுயிர்’ கலந்த களிமண் உருண்டைகளைக் குளத்தில் எறிகிறார்கள். ஜப்பானின் ஒகினாவாவைச் சேர்ந்த தோட்டக்கலைப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய ஈ.எம். என்ற நுண்ணுயிர்க் கலவையிலிருந்து கிளைத்த முறை இது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஒரே நிறச் சட்டை, உருண்டை பிடித்தல், குழந்தைகளின் ஆரவாரம், மறுநாள் நாளிதழில் படம். குளம் செத்துவிட்டது, ஆகவே உயிரைக் கொண்டுபோய் அதில் போடுகிறோம் என்பது இதன் தர்க்கம். அந்தக் கவிதையின் நேரடிச் செயல்முறை விளக்கம் இது.

பாக்டீரியாவுக்கா பஞ்சம்? பத்து லட்சம் இருக்கும் இடத்தில் நாலு உருண்டை எதைச் சேர்க்கும்? நெதர்லாந்தின் மிக்கேல் லூர்லிங்கும் சக ஆய்வாளர்களும் இந்த உருண்டைகளைச் சோதித்து 2010இல் வெளியிட்ட கட்டுரை, நீலப்பச்சைப் பாக்டீரியாப் பெருக்கத்தை இவற்றால் கட்டுப்படுத்த முடியாது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. அடிப்படை இன்னும் எளிது. பாக்டீரியா கார்பனைக் காற்றுக்கு அனுப்பும். நைட்ரஜனையும், ஆக்ஸிஜன் அற்ற இடங்களில், வாயுவாக்கி அனுப்பும். பாஸ்பரஸுக்குச் சொல்லத்தக்க வாயு வடிவம் கிடையாது. எந்த நுண்ணுயிர் தின்றாலும் அது நீரிலோ சேற்றிலோதான் இருக்கும். ஆக்ஸிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்ஸிஜன் போனதும் இரும்பு வடிவம் மாறி, பிடி நழுவி, பாஸ்பரஸ் மீண்டும் மேலே வரும். கிளிஃபர்ட் மார்ட்டிமர் இதை 1941-42இல் இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் விளக்கிவிட்டார். அழுகல் பெருகினால் ஆக்ஸிஜன் குறையும், குறைந்தால் பாஸ்பரஸ் வரும், வந்தால் மீண்டும் அழுகல். இந்தச் சுழலை எறிந்த உருண்டை எங்கே வெட்டும்?

வடிகுழாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மனித உடல் நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறது. ஒரு கிராம் பாஸ்பரஸால் விளையும் பாசி முழுவதும் சிதைய ஏறத்தாழ 140 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். நம் வெப்பத்தில் அது சுமார் 19,000 லிட்டர் நீரில் கரைந்திருக்கும் மொத்த ஆக்ஸிஜன். 9,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு. முழுதும் விளையாது, முழுதும் அடியில் சிதையாது, காற்றிலிருந்து ஈடும் ஆகும் என்றெல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் ஒரு தெருவின் சாக்கடை ஒரு குளத்துக்கு என்ன செய்யும் என்பது விளங்கிவிடும்.

‘கவிதையில் போய் ஏரியியலைத் தேடுகிறீர்களே’ என்று அன்று தேநீர் நேரத்தில் நண்பர் கேட்டார். நான் தேடியது ஏரியியலை அல்ல, பார்வையை. அந்தக் கவிதையில் ஏரியே இல்லை. வெங்காயத்தாமரை இல்லை (நாளிதழ்கள் ஆகாயத்தாமரை என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான்), விரால் இல்லை, விடியலுக்கு முன் வாய்பிளந்து மேலே வரும் கட்லா இல்லை. எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஒரு பிணம் மட்டுமே இருந்தது. சேற்றைக் கோடையில் வண்டியில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோன விவசாயிக்கு அதன் பெயர் வண்டல். ஏரியிலிருந்து பாஸ்பரஸ் வெளியேற இருந்த மிகச் சில வழிகளில் அந்த மாட்டுவண்டி ஒன்று. பழைய ஊரைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் குளத்தில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்றிருந்ததை அறிவேன். ஆனால் சேற்றை அழுக்கு என்றும் உணவு என்றும் பிரித்தறியும் சொல் அந்த மொழியில் இருந்தது. நம் கவிதையில் இல்லை.

நம் அரசின் விதிகளிலும் இதே குருடு தெரிந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீருக்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட தர அளவுகளில் அமிலநிலை இருந்தது, கரிமக் கழிவின் ஆக்ஸிஜன் தேவை இருந்தது, மிதக்கும் திடப்பொருள் இருந்தது, மலக் கோலிபார்ம் இருந்தது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லை. அதாவது அழுகலைக் குறை, ஊட்டத்தை அப்படியே விடு. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவற்றைக் கடுமையாக்கச் சொன்னது. கண்ணாடிபோலத் தெளிந்து, நாற்றமின்றி வெளியேறும் நீரும் ஓர் ஏரியைப் பச்சையாக்கும் என்பதை எத்தனை வாசகர்கள் அறிவார்கள்? இதைப் பற்றி ஒரு சிறுகதை வந்திருக்கிறதா? பிணத்தைப் பற்றி நூறு வந்திருக்கின்றன.

எங்கள் ஏரிக்கு இப்போது ஒரு சீரமைப்புத் திட்டம் வந்திருக்கிறது. பலகை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் நடைபாதை, அலங்கார விளக்கு, நடுவில் நீரூற்று, கரைச்சுவரில் ஓவியங்கள். ஓவியங்களுக்கு நடுவே நம் கவிஞரின் வரிகளும் இடம்பெறக்கூடும் என்று கேள்விப்பட்டேன். வடகரையில் மூன்று வடிகால்கள் ஏரிக்குள் திறக்கின்றன. பலகையை இரண்டு முறை படித்துவிட்டேன், அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த மாதச் சந்திப்பை ஏரிக்கரையில் வைத்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு, வடகரையில்.