பிசகியது எலும்பா, பேச்சா?

முதுகுவலிக்காரர் ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து, கட்டைவிரலால் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, "இதோ, இந்த எலும்புதான் விலகியிருக்கிறது" என்கிறார் வைத்தியர். பிறகு ஒரு திருகு; 'படக்' என்று ஒரு சத்தம். "உட்கார்ந்துவிட்டது, எழுந்திருங்கள்!" படுத்திருந்தவர் எழுந்து நடக்கிறார். வலி குறைந்த மாதிரியும் இருக்கிறது. இந்தக் காட்சியைக் கைபேசியில் பார்த்துப் பரவசப்படாதவர்கள் இன்று சொற்பம்.

இங்கே கை செய்த காரியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வாய் சொன்ன கதையோடுதான் சண்டை.

இப்படிக் கையால் பார்க்கும் வைத்தியங்களில் பேர்போன ஒன்று ஆஸ்டியோபதி. எலும்பு என்றும் நோவு என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி இந்தப் பெயரைச் சூட்டியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர். 1864-ஆம் வருஷம் மூளைச்சவ்வுக் காய்ச்சல் அவருடைய மூன்று குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அந்தக் காலத்து வைத்தியம் என்ன என்கிறீர்கள்? இரத்தத்தை வடிப்பார்கள், பாதரச உப்பை விழுங்கக் கொடுப்பார்கள். குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பன் மருந்துகளையே வெறுத்ததில் ஆச்சரியம் இல்லை. 1874-இல் தம் புதுக்கொள்கையை அவர் அறிவித்தார். 1892-இல் மிஸௌரி மாகாணத்தில் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பள்ளிக்கூடம் திறந்து, முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். பாதரசம் விழுங்குவதைவிட முதுகைப் பிடித்துவிடுவது எவ்வளவோ மேல். அந்த மட்டில் அவர் செய்தது பெரிய உபகாரம்.

ஆனால் துக்கம் ஒரு மனிதனை ஞானியாக்குவது போலவே பிடிவாதக்காரனாகவும் ஆக்கிவிடுகிறது. எலும்பும் தசையும் ஒழுங்கு கெட்டு இரத்த ஓட்டத்தைத் தடுப்பதே நோய்களுக்கெல்லாம் மூலம் என்று ஸ்டில் சொன்னார். பிற்பாடு காய்ச்சலுக்குக் கிருமியும் கிருமிக்கு மருந்தும் கண்டுபிடித்தாகிவிட்டது. ஸ்டிலின் சிஷ்யர்கள் இரண்டு வழியாகப் பிரிந்தார்கள். அமெரிக்காவில் அவர்கள் முழு டாக்டர்களாகவே ஆகிவிட்டார்கள். மருந்து எழுதுகிறார்கள், ஆபரேஷன் செய்கிறார்கள். 2020-இல் ஜனாதிபதி டிரம்புக்குக் கொரோனா வந்தபோது அவருக்கு வைத்தியம் பார்த்த ஷான் கான்லி, ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர்தான். அவர் ஜனாதிபதியின் முதுகைத் திருகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்துதான் கொடுத்தார்! பிரிட்டனில் வழி வேறு. அங்கே ஆஸ்டியோபதி பெரும்பாலும் கை வைத்தியம்தான். 1993-இல் வந்த சட்டப்படி, பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சரி, எலும்பு விலகிய கதைக்கு வருவோம். பாட்டி திருஷ்டி கழித்து நெற்றியோரம் நெட்டி முறிக்கிறாளே, அவள் விரல் எலும்பு இடம் பெயர்ந்தா திரும்புகிறது? மூட்டுக்குள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைய, வாயு நிறைந்த ஒரு குழி உண்டாகிறது. சத்தம் அதைச் சேர்ந்தது. 2015-இல் கனடாவில் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து இதைப் படமாகவே பிடித்துவிட்டார்கள். முதுகில் கேட்கும் 'படக்'கும் இதே ஜாதிதான். முதுகெலும்பு உண்மையிலேயே இடம் பெயர்வது உண்டு. அது விபத்திலும் வேறு கோளாறுகளிலும் வருவது. அதைக் கட்டைவிரலால் தள்ளி உட்கார வைக்க முடியாது.

"ஸ்கேனிலேயே தேய்மானம் தெரிகிறதே!" என்பார்கள். வாஸ்தவம். வலியே இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்ந்திருந்தது. தலை நரைப்பதைப் போன்றதுதான் பெரும்பாலும் இதுவும். நரையைக் காட்டி யாரும் நம்மைப் படுக்க வைப்பதில்லை.

அப்படியானால் கையால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அளவோடு உண்டு. பிரிட்டனில் வைத்திய நெறிகளை வகுக்கும் அமைப்பு, உடற்பயிற்சியும் சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டும் இடுப்புவலிக்குக் கை வைத்தியத்தைக் கொடுக்கலாம் என்று 2016-இல் சொன்னது. பிரான்ஸில் 400 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு அசல் ஆஸ்டியோபதியும் மறு கூட்டத்துக்குப் பாவனைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவு: அசலுக்கு நடமாட்டத்தில் கொஞ்சம் அனுகூலம் தெரிந்தது, வலியைப் பொறுத்தவரை சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை.

"போகட்டும் ஐயா, நோயாளிக்கு நம்பிக்கை வேண்டாமா? ஒரு கதை சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். கால்முந்திப் பிறந்தவர் காலால் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. அதுவும் கதைதான்; ஆனால் உதைத்தவர் அடுத்த வாரமும் வா என்று சொல்லமாட்டார். முதுகெலும்பு விலகல் கதை அப்படி விடாது. அதைக் கேட்டவர் குனியப் பயப்படுகிறார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் பயப்படுகிறார். பேரக் குழந்தை ஓடி வந்தால் கையை நீட்டாமல் பின்வாங்குகிறார். மறுபடியும் விலகிவிடுமோ என்று மாதம் தவறாமல் போய்ப் பணம் கட்டுகிறார். திடீரென்று வரும் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியக்கூடியது. நடப்பதும் வேலை செய்வதுமே அதற்கு நல்ல மருந்து. அந்த மருந்தைத்தான் இந்தக் கதை பிடுங்கிக்கொள்கிறது.

யோக்கியமான ஆஸ்டியோபத்திடம் போனால் என்ன நடக்கும் தெரியுமா? முதலில் கை நீளாது, காது நீளும். வலி எப்போது வந்தது, முன்பு என்ன வியாதி, என்ன மருந்து என்று விசாரிப்பார். நிற்கவும் குனியவும் சொல்லிப் பார்ப்பார். பிறகு தசையை நீவி, மூட்டை மெல்ல அசைத்து, இழுத்துவிடுவார். ஓரிரு நாள் உடம்பு நோகலாம். வெடுக்கென்று திருகுவதற்கு முன் உங்கள் சம்மதத்தைக் கேட்பார். நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். முக்கியமாகக் கழுத்தைத் திருகுவதில், அபூர்வமாகவே என்றாலும், இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

சில பேரை அவர் தொடாமலே டாக்டரிடம் அனுப்பிவிடுவார். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனவர், தொடைகளின் நடுவே மரத்துப்போனவர், கால் பலமிழந்தவர் ஆகியோர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி வந்தவர், காரணமின்றி இளைத்தவர், முன்பு புற்றுநோய் கண்டவர், கீழே விழுந்த முதியவர் இவர்களுக்கும் முதலில் டாக்டர்தான். இவர்களையும் படுக்க வைத்து 'படக்' சத்தம் எழுப்புகிறவர் உயிரோடு விளையாடுகிறார்.

ஆகவே, போவதானால் தாராளமாகப் போங்கள். போனவுடன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை தடவை வர வேண்டும்? குணம் தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள்? வீட்டில் நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிறவரிடம் முதுகைக் கொடுக்கலாம். "உங்கள் எலும்பு..." என்று ஆரம்பிக்கிறவரிடம் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் நடந்தே வந்துவிடுங்கள். முதுகுக்கும் நல்லது.