விலை உயர்ந்த ஸ்கீயும் மழுங்கிய விளிம்பும்

சென்ற இதழில் குளிர்காலத்தில் வீட்டுச் சுவர் ஈரம் பிடித்துக் கறுப்பதைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் தமிழ்க் கடையில் எங்களைக் கண்ட ஒரு அக்கா, "தம்பி, சுவர்க்கதை இருக்கட்டும். பெடியனுக்கு ஸ்கீலாகர் எண்டு பள்ளிக்கூடத்தாலை கடிதம் வந்திருக்கு. ஸ்கீ எண்டால் ஆனை விலை குதிரை விலை சொல்லுறாங்கள். எதை வாங்கிறது?" என்று கேட்டா. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி சொன்ன பதில் அரைகுறையாய்ப் போய்விட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறோம். சுவிசில் பிள்ளை வளர்க்கும் பல வீடுகளுக்கும் ஒருநாள் இந்தக் கடிதம் வரும்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். 2023 மாசியில் மூத்த மகளுக்கு ஐந்தாம் வகுப்பு லாகர். வாடகைக்கு எடுத்தால் காசு திரும்பி வராது, பழசு வாங்கினால் பொருளாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, பழைய பொருள் விற்கும் புறோக்கிக் கடையில் 80 பிறாங்குக்கு ஒரு சோடி வாங்கினோம். புதிதாய் எடுத்தால் 1000 பிறாங்குக்கு மேலே போகும் ஸ்கீ. கம்பனியின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிழை அந்தக் கம்பனியில் இல்லை, எங்களில்தான். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வைத்திருப்பதைவிட நல்லதாய்க் கொடுத்து அனுப்புகிறோம் என்று பெருமைப்பட்டோம். ஓரம் துருப்பிடித்து இருந்ததைக் கண்டோம்தான். பழசென்றால் துருப்பிடிக்கும்தானே என்று துணியால் துடைத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஆசிரியரிடமிருந்து ரெலிபோன். காலமை நிழல் விழுந்த சரிவில், கண்ணாடிபோல் இறுகிக் கிடந்த பனியில் மகள் திரும்ப முயன்றிருக்கிறாள். ஸ்கீ பிடிக்கவில்லை. குறுக்காகவே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்து வேலியில் மோதி, இடது மணிக்கட்டில் எலும்பு வெடித்துவிட்டது. கையில் கட்டோடு வந்த பிள்ளை அழவில்லை. "அப்பா, எல்லாரும் நிக்கினம், நான் மட்டும் வழுக்கிக்கொண்டு போறன். எங்கட ஆக்களுக்கு உது சரிவராது" என்றாள். பதினொரு வயதுப் பிள்ளை சொன்ன அந்தக் கடைசி வசனம்தான் எங்களுக்கு நோவாக இருந்தது. மனைவி, "இனி லாகரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்" என்றா. நாங்களும் ஓமென்றோம்.

எங்கள் வேலை உலோகத் தொழிற்சாலையில், பிசிறு எடுக்கும் மேசையில். இயந்திரம் வெட்டித் தள்ளும் துண்டுகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் அராவி எடுப்பது. இங்கே இதை 'என்ற்கிறாற்றன்' என்பார்கள். பக்கத்து மேசையில் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஒரு சுவிஸ்காரர். மகளின் கதையைக் கேட்டுவிட்டு ஸ்கீயைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனோம். அவர் வேறொன்றும் செய்யவில்லை. பெருவிரல் நகத்தை விளிம்பின் குறுக்கே வைத்து மெல்ல இழுத்தார். நகம் சும்மா வழுக்கியது. பிறகு தன்னுடைய ஸ்கீயில் அதேபோல் இழுத்துக் காட்டினார். நகத்திலிருந்து வெள்ளைத் தூள் சீவி வந்தது. "நாள் முழுக்க ஓரம் தடவிப் பார்ப்பதுதான் உங்கள் தொழில். இதைத் தடவிப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

ஸ்கீயின் அடிப்பக்கம் இரு ஓரத்திலும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அகலத்தில் உருக்கு விளிம்பு ஓடுகிறது. ஜேர்மன் மொழியில் 'கான்ரெ'. ஆதியில் ஸ்கீ வெறும் மரம்தான். ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க்கைச் சேர்ந்த றூடோல்ப் லெற்னர் என்பவர் 1926 இல் உருக்கு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் இறுகிய பனியிலும் மனிதரால் நம்பித் திரும்ப முடிந்தது. ஸ்கீ நுனியிலும் வாலிலும் அகலம், நடுவில் ஒடுக்கம். அதைச் சரித்து விளிம்பில் நிற்கும்போது எங்கள் பாரத்தால் நடு வளைந்து, முழு விளிம்பும் வில்லுப்போல் பனியில் பதிந்து, அந்த வில்லின் வழியே ஆளைக் கொண்டுபோகிறது. மென்பனியில் விளிம்பு மழுங்கியிருந்தாலும் தெரியாது. இறுகிய பனியில் பதிய மறுத்தால், வளைவும் இல்லை, திரும்பலும் இல்லை, நிறுத்தலும் இல்லை. மழுங்கிய துருவலையில் தேங்காய் துருவுவதுபோல, பலம் முழுவதும் போகும், ஒன்றும் வராது.

கூர் என்றால் வெறும் கூர் மட்டும் அல்ல, பாகைக் கணக்கும் உண்டு. விளிம்புக்கு இரண்டு முகம். பக்கத்து முகம் மேசை மூலைபோல் 90 பாகையில் இருக்கலாம். அதை 89, 88, 87 என்று குறைக்கக் குறைய முனை ஒடுங்கிப் பனியைக் கூடுதலாகக் கடிக்கும். ஆனால் ஒடுங்கிய முனை கெதியில் மழுங்கும். மெல்லிய கத்தியின் கதைதான். அடி முகத்தை அரைப் பாகை தொடக்கம் ஒரு பாகை வரை மேலே தூக்கி விடுவார்கள், நேராக ஓடும்போது விளிம்பு பனியில் கொழுவாமல் இருப்பதற்கு. ஒரு பாகை என்றால் சாந்தமானது, சிறு பிழையைப் பொறுக்கும். அரைப் பாகை என்றால் சரித்த உடனே பிடிக்கும், கால் தளம்பினாலும் பிடித்துவிடும். பழகுகிறவருக்கு அடி ஒரு பாகை, பக்கம் 88 அல்லது 89 போதும். பந்தயக்காரர் 87க்கும் கீழே போகிறார்கள், ஏனென்றால் பந்தயச் சரிவுக்குத் தண்ணீர் ஏற்றி வேண்டுமென்றே பனிக்கட்டியாக்கி வைப்பார்கள்.

அடுத்த குளிரில் அந்த சுவிஸ்காரர் எங்களைப் பக்கத்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் மனைவி பாவித்த விலை கூடிய சோடி ஒன்று, ஒரு பருவம் முழுக்க ஓடி மழுங்கினது. அதில் இடது ஸ்கீயை மட்டும் முதல்நாள் இரவு அராவியிருந்தார். வலதைத் தொடவே இல்லை. "எது எது என்று சொல்லமாட்டேன், ஓடிப் பாருங்கள்" என்றார். சரிவு சாய்வு குறைந்தது, ஆனால் காலமைப் பனி நல்ல இறுக்கம். வலப்பக்கம் திரும்பினால் தண்டவாளத்தில் போவதுபோல் போனது. இடப்பக்கம் திரும்பினால் 'கிரீச்' என்று கத்திக்கொண்டு கீழே வழுக்கியது. வலப்பக்கம் திரும்பும்போது பாரத்தைத் தாங்குவது வெளிப்பக்கத்து இடது ஸ்கீ அல்லவா, அதுதான் காரணம். ஒரே சோடி, ஒரே விலை, ஒரே ஆள். நாலைந்து தரம் ஏறி இறங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு இடத் திரும்பலிலும் மகளின் கையை நினைத்தோம்.

அப்படியென்றால் விலை கூடிய ஸ்கீயில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உள்ளே நல்ல மரம், அதன் மேலும் கீழும் ரிற்றானால் என்ற உலோகத் தகடு. பெயரைப் பார்த்து ரைற்றேனியம் என்று கடைக்காரரே சிலவேளை சொல்வார். உண்மையில் அது ஒருவகை அலுமினியக் கலவை. உலோகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது சின்னச் சிரிப்பு. இந்தத் தகடுதான் ஸ்கீயின் நுனி முறுகிப் போகாமல் காக்கிறது. முறுகினால் எவ்வளவு கூரான விளிம்பும் பனியிலிருந்து கழன்றுவிடும். அதிர்வையும் அது குறைக்கும். 2021 இல் அற்றோமிக் கம்பனி தன் றெட்ஸ்ரர் ஸ்கீக்குள் அதிர்வை விழுங்கவென்றே உருக்கும் றப்பர் போன்ற பொருளும் சேர்ந்த துண்டுகளை வைத்தது.

நல்லவற்றுக்குள்ளும் குணம் வேறு வேறு. லுசேர்ன் மாநிலத்து மால்ற்றர்ஸில் செய்யும் ஸ்ரொக்லியைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மார்க்கோ ஓடர்மாற் ஓடும் ஸ்கீ. அதில் லேசர் எஸ்.சி. என்பதும், ஹெட் கம்பனியின் சுப்பர்ஷேப் இ-மக்னம் என்பதும் காலுக்குக் கீழே 72 மில்லிமீற்றர் அகலம். இரண்டும் அமத்திய சரிவுக்கு. லேசர் ஏ.எக்ஸ்., இ-றாலி இரண்டும் 78. பின்னேரம் குவியல் குவியலாய்க் கிளறுண்ட பனியிலும் போகலாம், ஆனால் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாற ஒரு கணம் கூடச் செல்லும். ஒருநாள் கடையில் பரீட்சார்த்தமாகத் தரும் சோடிகளில் ஸ்ரொக்லியையும் ஹெட்டையும் மாற்றி மாற்றி ஓடினோம். எங்கள் காலுக்கு ஸ்ரொக்லி அமைதி, ஹெட் துடிப்பு. அதற்கு மேல் சொல்ல எங்களுக்கு ஓட்டம் போதாது.

ஆனால் இந்த ஸ்கீக்களை வளைக்கப் பாரமும் வேகமும் வேண்டும். 35 கிலோப் பிள்ளை ஏறி நின்றால் அது வளையாது. மகளுக்கு நாங்கள் செய்த இரண்டாவது பிழை அதுதான். கூர் இருந்திருந்தாலும் அந்த ஸ்கீ அவளுக்குச் சரிவந்திருக்காது. நீளமும் கூட. பழகும் பிள்ளைக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில் வரும் மெதுவான ஸ்கீதான் நல்லது. வளரும் பிள்ளைக்கு வாங்குவதைவிடப் பருவ வாடகை இலாபம். பல கடைகளில் ஸ்கீ, சப்பாத்து, ஊன்றுகோல் எல்லாம் சேர்த்து ஒக்ரோபரிலேயே கொடுக்கத் தொடங்குவார்கள். பிந்தினால் அளவு கிடையாது.

வாடகையோ பழசோ, கடையிலேயே நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நுனியிலிருந்து வால்வரை நாலு இடத்தில். வழுக்கினால் வெட்கப்படாமல், "கான்ரன் ஷ்லைபன், பிற்றெ" என்று சொல்லுங்கள். விளிம்பு தீட்டித் தரும்படி கேட்பது அது. எங்கள் ஊர்க் கடையில் மெழுகும் சேர்த்து 40, 50 பிறாங்குக்குள் முடியும்.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள் 88 பாகை என்று அடித்த சின்னப் பிடி ஒன்றும், அதற்குள் போகும் அரமும், ஒரு வைரக் கல்லும் வாங்கினால் போதும். விளிம்பின் பக்கத்து முகத்தில் கறுப்பு மை பூசிவிட்டு, பிடியை அடியோடு ஒட்டி வைத்து, நுனியிலிருந்து வால் நோக்கி ஒரே பக்கமாக இழுங்கள். மை ஒரே சீராகப் போனால் பாகை சரி. மேலேயோ கீழேயோ மை மிஞ்சினால் பிடி சரிந்திருக்கிறது. கல்லில் மோதிய இடத்தில் உருக்கு இறுகி அரம் வழுக்கும். அங்கே முதலில் வைரக் கல்லால் தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் அரத்தின் பல்லுப் போய்விடும். கடைசியாகப் பிசிறு. அரத்தால் அராவிய விளிம்பில் கட்டாயம் பிசிறு நிற்கும். கையுக்குக் கூர்போல இருக்கும், முதல் ஓட்டத்திலேயே மடிந்துவிடும். வைரக் கல்லை மெல்ல ஓட்டி அதை எடுங்கள். அடி முகத்தை மட்டும் வீட்டில் தொடவேண்டாம். அங்கே கூட எடுத்துவிட்டால் முழு அடியையும் இயந்திரத்தில் தேய்த்தால்தான் திரும்பச் சரிவரும்.

ஓடி முடிந்ததும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு பைக்குள் போட்டால் ஒரு இரவிலேயே துரு வரும். கோடையில் மெழுகைத் தடிப்பாகப் பூசி விளிம்பையும் மூடிவிடலாம்.

விளிம்போடு சேர்ந்த இன்னொன்று 'பிண்டுங்', சப்பாத்தைப் பிடிக்கும் பூட்டு. விழும்போது அது கழன்று கொடுக்கவேண்டும், சும்மா ஓடும்போது கழலக்கூடாது. பாரம், உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், ஓடும் திறன் எல்லாம் பார்த்துக் கடையில்தான் அளவு வைக்கவேண்டும், ஒவ்வொரு வருடமும். விபத்துத் தடுப்பு நிலையமான பி.எப்.யு.வின் சிறு ஒட்டி ஒன்றைச் சரிபார்த்த ஸ்கீயில் ஒட்டுவார்கள். கேட்டு வாங்குங்கள். எங்கள் புறோக்கி ஸ்கீயில் அதுவும் இருக்கவில்லை.

லாகர் கட்டணத்தைப் பற்றியும் அந்த அக்கா கேட்டா. 2017 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டாயமாகப் போகவேண்டிய பாடசாலை லாகருக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுக் காசு மட்டும்தான் எடுக்கலாம், நாளொன்றுக்கு 10 முதல் 16 பிறாங் வரை. விருப்பமானவர் போகலாம் என்ற லாகர் வேறு கணக்கு. உங்கள் கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காசு கஷ்டமென்றால் ஆசிரியரிடம் வாய்திறந்து கேளுங்கள்.

2024 மாசியில் மகள் திரும்ப லாகருக்குப் போனாள். போகமாட்டேன் என்று நின்றவளை நாங்கள் வற்புறுத்தவில்லை. வாடகை ஸ்கீயை மேசையில் கவிழ்த்து வைத்து, மையைப் பூசி, அரத்தை அவள் கையில் கொடுத்தோம். வலது ஸ்கீயை நாங்கள், இடதை அவள். முடிந்ததும் தன் நகத்தை இழுத்துத் தூளைப் பார்த்தாள். நாலாம் நாள் இரவு ரெலிபோனில் கையைப் பற்றி ஒரு கதையும் இல்லை. "அப்பா, இண்டைக்கு ஐஸ். என்ரை பக்கம் உங்கட பக்கத்தைவிட நல்லாப் பிடிக்குது" என்றாள். இப்போது தம்பியின் ஸ்கீயையும் அவள்தான் அராவுகிறாள்.