நாற்பது நிமிஷக் கடல்

மெல்போர்னிலிருந்து ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்’ பாறைகளை ஒரே நாளில் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் சுற்றுலா பஸ்கள்மீது எனக்குத் தீராத கோபம். நானும் ஒன்றில் போனேன். பன்னிரண்டு மணி நேரப் பிரயாணம். பாறைகளுக்கு எதிரே நாற்பது நிமிஷம்! கடலைப் பார்த்தவர்களைவிடக் கடிகாரத்தைப் பார்த்தவர்களே அதிகம்.

அந்தச் சாலையைப் போட்டவர்கள் யார்? முதல் உலக யுத்தத்திலிருந்து மீண்ட சுமார் 3,000 சிப்பாய்கள். மாண்ட தோழர்களின் ஞாபகார்த்தமாக 1919 முதல் 1932 வரை மலைச்சரிவை வெட்டினார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் அதன்மேல் தூங்கிக்கொண்டு போகிறோம். 1878-இல் ‘லாக் ஆர்ட்’ கப்பல் உடைந்து, 54 பேரில் இருவரே பிழைத்த குடாவுக்குக் கிடைப்பது பத்தே நிமிஷம். 2005-இல் அப்போஸ்தலர்களில் ஒருவர் சில விநாடிகளில் சரிந்து விழுந்தார். ஆனாலும் அவரை அரித்துத் தீர்க்கக் கடல் எத்தனை யுகம் பொறுமையாக உழைத்திருக்கும்! அவசரமெல்லாம் நமக்குத்தான்.

“லீவு கிடைக்க வேண்டாமா, ஐயா?” என்பீர்கள். நியாயம். அப்படியானால் பாதி வழியிலுள்ள லார்ன் ஊரோடு நில்லுங்கள். மணலில் உட்கார்ந்து மாலைவரை அலையைப் பாருங்கள். முழுவதையும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வதைவிடப் பாதியைப் பார்ப்பது மேல்.