ஒரே மெஷினில் ஓடினால் போதுமா?

நம்ம லேபில் கிளாஸ்ஃபிஷ் சர்வரும் ஜாவா கிளையன்ட்டும் ஒரே மெஷினில்தான் ஓடுகின்றன. அவுட்புட் வந்ததும் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கிட்டு கேன்டீனுக்குப் போயிடறோம். என்னைக் கேட்டால், அது பாதி எக்ஸ்பெரிமென்ட்கூட இல்லை.

கிளையன்ட்டை மட்டும் பக்கத்து மெஷினில் ஓட்டிப் பாருங்கள். படுத்துவிடும்! ஏன்? நாம் விலாசம் சொல்லாவிட்டால், அது லோக்கல்ஹோஸ்டின் 3700-ஆம் போர்ட்டில், அதாவது தன் வீட்டுக்குள்ளேயே, சர்வரைத் தேடும். சரி, சர்வர் பெயரைக் கொடுத்தாச்சு. அப்பவும் தொல்லை தீராது. கேட்ட பீனை சர்வர் தூக்கிக் கொடுப்பதில்லை. தன் விலாசம் எழுதிய ஒரு சீட்டைத்தான் தருகிறது. சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அதன் பெயருக்கு நேரே 127.0.0.1 என்றிருந்தால், சீட்டிலும் அதுவே வந்துவிடலாம். கிளையன்ட் மறுபடி தன் வீட்டுக் கதவையே தட்டும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'! இதிலேயே எனக்கு இரண்டு நாள் போச்சு.

தூரத்து ஆப்ஜெக்ட்டைப் பக்கத்து ஆப்ஜெக்ட் மாதிரி நினைக்காதே என்று ஜிம் வால்டோவும் அவர் சகாக்களும் சன் மைக்ரோசிஸ்டம்ஸிலிருந்து 1994-லேயே எழுதிவிட்டார்கள். நமக்கு இன்னும் சிலபஸில் வரலை!

ஆசிரியர்களே, பிராக்டிகலுக்கு இரண்டு மெஷின் கொடுங்கள். பாதியில் கேபிளைப் பிடுங்குங்கள். எங்கள் புரோகிராம் அப்போது என்ன சொல்கிறது என்று பார்த்து மார்க் போடுங்கள்.