பூட்ஸுக்கு அளவெடுத்தது யார்?

"இத்தாலிக்காரனுக்கு என்னங்க கவலை? மேல ஆல்ப்ஸ் மலை, மத்த மூணு பக்கமும் கடல். ஆண்டவனே கோடு போட்டுக் குடுத்துட்டான்."

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்துல நண்பர் ஒருத்தர் இப்படிச் சொன்னார். சுத்தி இருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. நானும்தான், பழக்க தோஷம். ராத்திரி வீட்டுக்கு வந்து மேப்பைத் திறந்து வச்சிக்கிட்டு உட்கார்ந்தப்புறம்தான் கடுப்பு ஏறுச்சு. இந்த 'இயற்கை எல்லை'ங்கற வார்த்தை இருக்கே, இதை மாதிரி வடிகட்டின பொய் பூகோளப் புத்தகத்துல வேற கிடையாது. இத்தாலி விஷயத்துல அந்தப் பொய்க்கு ரெண்டு லட்சம் பேருக்கு மேல விலை குடுத்திருக்காங்க.

பள்ளிக்கூடத்துல இத்தாலின்னா பூட்ஸ். நாம எல்லாரும் அந்த பூட்ஸோட முனையை, சிசிலியை எட்டி உதைக்கிற அழகைத்தான் பார்ப்போம். கால் நுழையற மேல்பக்கத்தை யாரும் பார்க்கறதில்லை. கொஞ்சம் பாருங்க.

அங்கே எல்லைக்குச் சொல்லப்பட்ட நியாயம் ரொம்ப எளிமையானது. மலை முகட்டுல மழை பெய்யுது. தெற்கே ஓடற தண்ணி இத்தாலிக்கு, வடக்கே ஓடற தண்ணி அடுத்தவனுக்கு. கேட்கவே நல்லா இருக்கில்ல? விஞ்ஞானம் மாதிரியே இருக்கு. இந்த நியாயத்தை வச்சுத்தான் பிரென்னர் கணவாய் வரைக்கும் எங்களுக்குன்னு இத்தாலி கேட்டது. 1915ல லண்டன்ல ரகசியமா ஒரு ஒப்பந்தம். முதல் உலகப்போர்ல எங்க பக்கம் வந்து சேரு, பிரென்னர் வரைக்கும் உனக்குன்னு பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவும் எழுதிக் குடுத்தாங்க. 1919ல செயின்ட் ஜெர்மைன் உடன்படிக்கையில ஆஸ்திரியா கையெழுத்துப் போட்டது. தெற்கு டைரோல் இத்தாலிக்குப் போச்சு.

அங்கே இருந்தது யாரு? 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி பத்துல ஒன்பது பேர் ஜெர்மன் பேசறவங்க. இத்தாலி எல்லையைத் தேசிய இனம் பார்த்துத் திருத்தணும்னு தன்னோட பதினாலு அம்சங்கள்ல ஒன்பதாவதா எழுதி வச்சவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சன். அவரே பிரென்னருக்குத் தலையாட்டினார். (தலையாட்டறது நம்ம ஆபீஸ்ல மட்டும் இல்லைங்கறது ஒரு ஆறுதல்.)

இந்தக் கதையில எனக்கு ரத்தக் கொதிப்பு வர்ற ஆள் ஒருத்தர் இருக்கார். பேரு எட்டோரே டொலோமெய். 1904ல இவர் ஒரு மலை ஏறினார். 2,900 மீட்டருக்குச் சற்று மேல் உயரம், ஜெர்மன்ல கிளோக்கன்கார்கோப்னு பேரு. இவருக்கு முன்னாடியே வேற ஆள் ஏறின மலைதான். உச்சிக்குப் போன டொலோமெய் அதுக்கு 'வெட்டா டிடாலியா', அதாவது 'இத்தாலியின் உச்சி'ன்னு பேர் வச்சார். அப்போ அந்த மலை இத்தாலியிலேயே இல்லை, ஆஸ்திரியாவுல இருந்தது! பதினஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற எல்லைக்கு முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடிச்சார் மனுஷன்.

அதோட விட்டாரா? ஊர், ஆறு, மலைன்னு ஆயிரக்கணக்கான ஜெர்மன் பேர்களுக்கு இத்தாலியப் பேர் போட்டு ஒரு பட்டியலே தயார் பண்ணினார். சிலது பழைய லத்தீன்ல இருந்து தோண்டினது, சிலது மொழிபெயர்ப்பு, சிலது சும்மா வாலைத் திருகி ஒட்டினது. 1916ல, போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, அதை வெளியிட்டது இத்தாலியின் ராயல் பூகோளச் சங்கம். கவனிங்க, பூகோளச் சங்கம். எல்லை இன்னும் நகரலை, பேர்ப்பலகை ரெடி. எங்க தொழில்ல இதுக்கு ஒரு உதாரணம் சொல்வேன்: ரிசல்ட்டை முதல்ல டைப் அடிச்சு வச்சிட்டு, அது பாஸ் ஆகற மாதிரி டெஸ்ட் கேஸ் எழுதறது.

1922ல முசோலினி வந்தார், டொலோமெய்க்கு யோகம் அடிச்சது. 1923ல அந்தப் பட்டியல் சட்டமாச்சு. 'டைரோல்'ங்கற வார்த்தைக்கே தடை. மக்களோட பேர் போய், அடிஜே ஆத்தோட பேர் வந்தது: 'ஆல்டோ அடிஜே', மேல் அடிஜே. ஜெர்மன் பள்ளிக்கூடங்களை மூடினாங்க. வீட்டு நிலவறையிலயும் களஞ்சியத்துலயும் ஒளிஞ்சு பிள்ளைகளுக்கு ஜெர்மன் எழுத்து சொல்லிக் குடுத்த பெண்களைக் கைது பண்ணினாங்க. கடைசியில கல்லறைக் கல்லு மேல கூட இத்தாலியன்லதான் எழுதணும்னு உத்தரவு. செத்தவனையும் விடலை.

1939ல ஹிட்லரும் முசோலினியும் சேர்ந்து இதுக்கு ஒரு 'தீர்வு' கண்டுபிடிச்சாங்க. மொழி வேணுமா, மண்ணைவிட்டு ஜெர்மனிக்குப் போ. மண் வேணுமா, மொழியை மறந்துடு. நூத்துக்கு எண்பது பேருக்கு மேல போறேன்னு எழுதிக் குடுத்தாங்க. போர் குறுக்கே வந்ததால உண்மையிலே கிளம்பினது சுமார் 75,000 பேர். போறவன் இருக்கறவனைத் துரோகின்னான், இருக்கறவன் போறவனைத் துரோகின்னான். ஒரே வீட்டுக்குள்ள அண்ணன் தம்பி பேச்சு நின்னு போச்சு. எல்லாம் தண்ணி ஓடற திசையால வந்தது!

சரி, அந்தத் தண்ணி நியாயமாவது ஒழுங்கா இருக்கா?

தெற்கு டைரோலோட கிழக்கு மூலையில இன்னிகன்னு ஒரு ஊர். இத்தாலியன்ல சான் காண்டிடோ. அங்கே ஓடறது திராவா ஆறு. அது தெற்கே வர்றதே இல்லை. கிழக்கே ஆஸ்திரியாவுக்குள்ள போய், டான்யூபுல கலந்து, கருங்கடலுக்குப் போகுது. சட்டப்படி பார்த்தா அந்த ஊர் ஆஸ்திரியாவுக்குத்தானே வரணும்? வரலை. மேற்கே லிவின்யோவும் அப்படித்தான். அந்தத் தண்ணியும் இன் ஆறு வழியா கருங்கடலுக்கே போகுது, ஊர் மட்டும் இத்தாலி.

இப்போ மறுபக்கம் வாங்க. ஆல்ப்ஸ் முகட்டுக்குத் தெற்கே, போ நதிக்குத் தண்ணி அனுப்பற, இத்தாலியனே பேசற மாநிலம் திச்சினோ. தண்ணி, மொழி, ரெண்டு பரீட்சையிலயும் பாஸ். அது எந்த நாடு? சுவிட்சர்லாந்து! 1803ல இருந்து அங்கே ஒரு மாநிலமா நிம்மதியா இருக்கு. அதே வட்டாரத்துல லுகானோ ஏரிக்கரையில கம்பியோனேன்னு சுண்டைக்காய் ஊர், சுத்தி நாலு பக்கமும் சுவிஸ், அது இத்தாலி. இதுல எங்கே சார் ஆண்டவன் கோடு?

மேற்கே இன்னும் வேடிக்கை. இத்தாலியை ஒண்ணு சேர்த்த மாவீரன் கரிபால்டி பிறந்த ஊர் நீஸ். ஒற்றுமைக்கு உதவின கூலியா 1860ல அதை பிரான்சுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. மனுஷன் கடைசி வரைக்கும் அதை மன்னிக்கலை. அங்கே ஆல்ப்ஸ் எந்தப் பக்கம் நகர்ந்துச்சு?

'மலைன்னா பாதுகாப்பு, சுவர் மாதிரி'ன்னு ஒரு வாதம் வரும். பிரென்னர் சுவர் இல்லைங்க, கதவு. வெறும் 1,370 மீட்டர். ஆல்ப்ஸோட பெரிய முகட்டுல தாழ்வான கணவாய்கள்ல ஒண்ணு. ரோமானியர் காலத்துலேர்ந்து பாதை, 1867லேர்ந்து ரயில். ரெண்டு பக்கமும் ஒரே ஜனம் குடியிருந்ததே அதனாலதான். 1943ல ஜெர்மன் ராணுவம் இதே வழியாத்தான் சாவகாசமா உள்ளே இறங்கினான். சுவர் என்ன பண்ணிச்சாம்?

முகடாவது அசையாம நிக்குதான்னா, பல இடத்துல எல்லை பனிப்பாறை மேல போகுது. பனி உருகினா கோடும் நகருது. 1991 செப்டம்பர்ல ஓட்ஸ்டால் மலையில பனி உருகி 5,300 வருஷத்துக்கு முன்னாடி செத்த ஒரு மனுஷனோட உடம்பு வெளியே வந்துச்சு. இன்னிக்கு ஓட்ஸின்னு உலகமே கூப்பிடற ஆளு. ஆஸ்திரியாக்காரங்க எடுத்துட்டு இன்ஸ்ப்ருக் போயிட்டாங்க. அப்புறம் அளந்து பார்த்தா, கிடந்த இடம் இத்தாலிக்குள்ள 92.56 மீட்டர்! இத்தனைக்கும் அந்த இடத்துத் தண்ணி ஓடறது ஆஸ்திரியா பக்கம். இப்போ ஓட்ஸி பொல்சானோ மியூசியத்துல குளிர்பெட்டிக்குள்ள இருக்கார். மாட்டர்ஹார்ன் பக்கத்துலயும் பனி கரைஞ்சு, ஒரு மலைவிடுதிக்குக் கீழேயே முகடு நகர்ந்துடுச்சு. பழைய கோடு, புதுக் கோடுன்னு வருஷக்கணக்கா பேசி, 2024 செப்டம்பர்ல சுவிஸ் அரசு திருத்தத்துக்கு ஒப்புக்கிச்சு. விடுதி இத்தாலியிலேயே இருக்கும்னு முடிவு. இயற்கை என்ன சொன்னாலும் கடைசியில மேஜையைச் சுத்தி உட்கார்ந்து பேசினதுதான் எல்லை.

கிழக்கே மேஜையைச் சுத்தி உட்கார்ந்தவங்க வேற மாதிரி. 1947ல கொரிட்சியா பக்கம் இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் நடுவுல போட்ட கோடு மிரென் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஊடால போச்சு. கல்லறைகளையே பிரிச்ச கோடு அது. 1975ல ஒப்பந்தம் போட்டுத்தான் அதைச் சரி பண்ணினாங்க. அந்தப் பக்கம் எந்த மலையும் குறுக்கே நிக்கலை.

நண்பர் சொன்ன கடலையும் விட்டுவைப்பானேன். லம்பெதூசா தீவு சிசிலிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல தூரம், துனிசியாவுக்கு அதுல பாதிதான். கடலுக்கடியில அது நிக்கறதே ஆப்பிரிக்கத் திட்டு மேலதான். பூகோளம்தான் எல்லை போடுதுன்னா அது எந்தக் கண்டம்? 2013 அக்டோபர் 3ஆம் தேதி அந்தத் தீவுக்குக் கூப்பிடு தூரத்துல ஒரு படகு கவிழ்ந்து 360 பேருக்கு மேல செத்தாங்க. பெரும்பாலும் எரித்ரியாக்காரங்க. அதையும் 'கடல் கொண்டு போச்சு'ன்னு எழுதினா எழுதினவனை என்ன சொல்றது?

தெற்கு டைரோல் இன்னிக்கு அமைதியா இருக்கே, அப்புறம் ஏன் குதிக்கறேன்னு கேட்பீங்க. இருக்கு, சந்தோஷம். ஆனா அமைதி மலையிலேர்ந்து இறங்கி வரலை. 1946ல ஒரு ஒப்பந்தம், அதை ஒழுங்கா நிறைவேத்தலைன்னு 1960ல ஐ.நா. வரைக்கும் பஞ்சாயத்து, 1961 ஜூன்ல ஒரே ராத்திரியில மின்கோபுரங்களுக்கு வெடி, 1972ல சுயாட்சிச் சட்டம், 1992ல ஆஸ்திரியா 'சரி, வழக்கு முடிஞ்சது'ன்னு சொன்னது. ஜெர்மன் பள்ளிக்கூடம், ஜெர்மன் அலுவல் மொழி எல்லாம் அப்படிப் போராடி வாங்கினது. டொலோமெய் வச்ச பேர்களும் இன்னும் பலகையில ஜெர்மன் பேரோட தோளுரசி நிக்குது. அதை எடுக்கறதா வேண்டாமான்னு அங்கே இன்னும் சண்டை தீரலை.

நண்பருக்கு இந்தச் சுட்டியை அனுப்பறேன். பின்னூட்டத்துல திட்ட வர்றவங்களும் திட்டுங்க, ஆனா பக்கத்து ஜன்னல்ல மேப்பைத் திறந்து, திராவா எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்துட்டு வந்து திட்டுங்க :-)